தொட்டிலிலேயே அறிய வேண்டிய குறை

திருவனந்தபுரம் நகரிலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்வோர், மலை ஏறுமுன் வித்துரா என்னும் ஊரைக் கடந்து செல்வார்கள். நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர் அது. சுற்றிலும் ரப்பர் மரங்கள். அவற்றுக்கு அப்பால் காணிக்காரர் குடியிருப்புகள். இன்னும் மேலே, போணக்காடு போன்ற இடங்களில் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து பறிக்கும் வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்து வருகிறார்கள். தொழில் நலிந்து, போணக்காட்டு ஆலையின் ஓசை அடங்கிவிட்ட பின்னும், பிறந்த மண் இதுவே என்று அங்கே தங்கிவிட்டவர்கள் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன் வித்துராவில் நடந்த குழந்தைகள் மருத்துவ முகாமொன்றுக்கு, அத்தகைய குடும்பத்து மூதாட்டி ஒருவர் தம் பேத்தியைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். பேத்திக்கு இரண்டரை வயது. முகத்தில் நல்ல களை. நோயின் சாயல் சிறிதும் இல்லை. ஆயினும் அவள் நடந்து வந்தபோது இடக்காலை ஊன்றும் ஒவ்வோர் அடிக்கும் உடல் இடப்பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. "வலிக்கிறதா, கண்ணு?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். பாட்டியார்தாம் பேசினார்.

"நான் அப்பவே சொன்னேன், டாக்டர் ஐயா. எண்ணெய் தேய்க்கிறப்போ இந்த இடக்கால் மட்டும் மத்தது மாதிரி விரியலே. படிக்காத கிழவி சொன்னதை யாரு கேட்டா?"

கதை நீண்டதன்று. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்தாள். குழந்தை தலை முன்வராமல் புட்டம் முன்வரப் பிறந்தது, பெண் குழந்தை. மூன்றாம் மாதத்தில் தாயும் சேயும் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை செய்யும் கணவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டியின் சொல் மனத்தில் இருந்ததால், அந்தத் தாய் தடுப்பூசிக்குப் போன இடமொன்றில் இதைச் சொல்லியிருக்கிறாள். "சதைப் பிடிப்புத்தான்; போகப் போகச் சரியாகும்" என்று விடை வந்தது. குழந்தை சற்றுத் தாமதமாக நடந்தது. நடந்தபோதுதான் அனைவர் கண்ணுக்கும் குறை தெரிந்தது.

அந்தச் சிறுமிக்கு இருந்த குறையை இன்று மருத்துவர்கள் 'வளர்ச்சிநிலை இடுப்பு மூட்டுப் பிறழ்வு' என்று சொல்கிறார்கள். பிறந்த சில நாட்களில் அறிந்தால் சில வார் பட்டைகளைக் கொண்டே திருத்திவிடலாம். நடக்கத் தொடங்கிய பிறகு அறிந்தால் எலும்பை வெட்டியும் திருத்த நேரிடும். இந்த உண்மையை மருத்துவ உலகம் எவ்வாறு அறிந்தது, எத்தனை முறை அறிந்தும் மறந்தது, வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் அதிலிருந்து கொள்ள வேண்டுவது என்ன என்பவற்றையே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் மூட்டின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். நம் முன்னோர் வீடுகளின் பெருங்கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் குடுமி நிலைக் குழியில் அமர்ந்து சுழலும். இடுப்பு மூட்டும் ஏறக்குறைய அத்தகையதே. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் அமர்ந்து எப்பக்கமும் திரும்புகிறது. குழி போதிய ஆழம் இல்லாதிருந்தாலோ, சுற்றியுள்ள தசைநார்கள் தளர்ந்திருந்தாலோ, குடுமி குழியை விட்டு நழுவிவிடும்.

பிறந்த குழந்தையின் மூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே இருக்கிறது. அது குயவர் கையிலுள்ள களிமண்ணைப் போல; எப்படிப் பிடிக்கிறோமோ அப்படி உருக்கொள்ளும். எலும்பின் தலை குழிக்குள் அமர்ந்திருந்தால், அதன் அழுத்தத்தாலேயே குழி ஆழமாகி வளர்கிறது. தலை வெளியே நின்றுவிட்டால் குழி மேடாகத் தூர்ந்துபோகிறது. தலையும் தன் உருண்டை வடிவை இழக்கிறது. முதல் சில மாதங்களில் இயற்கை நம் பக்கம் இருக்கிறது. பிறகு நாள் செல்லச் செல்ல அதே இயற்கை நமக்கு எதிராகிறது. இந்நோயின் வரலாறு முழுவதும் இந்தக் காலக் கணக்கைச் சுற்றியே சுழல்கிறது.

மற்றொரு தொல்லையும் உண்டு. இக்குறை வலிப்பதில்லை. காய்ச்சல் கண்ட குழந்தை அழும். வயிறு நொந்த குழந்தை பால் குடிக்க மறுக்கும். மூட்டு விலகிய குழந்தையோ சிரித்துக் கொண்டு கைகால்களை உதைத்து விளையாடும். அழாத நோயைத் தேடிச் சென்றுதான் காண வேண்டும்.

பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருத்தல் உண்டென்பதை ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் அறிந்திருந்தார். மூட்டுகளைப் பற்றிய அவர் மரபு நூலில், தாய் வயிற்றிலேயே மூட்டு விலகப் பெற்றவர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆயினும் அதன் பின் பல நூற்றாண்டுகள், நொண்டி நடப்பவரைக் கண்டு இரங்கியதன்றி மருத்துவம் வேறு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 1826-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் டுபுய்ட்ரன், இக்குறையைத் தெளிவாக விளக்கி எழுதினார். விபத்தில் நேரும் விலகலும் பிறவியில் நேரும் விலகலும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆனால் இதைத் தீர்க்க வழியில்லை என்பதே அவர் கருத்தாக இருந்தது. அவர் பார்த்தவர்கள் வளர்ந்தவர்கள். தூர்ந்துபோன குழியைப் பார்த்தவருக்கு நம்பிக்கை எங்கிருந்து பிறக்கும்?

1879-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரோசர் என்பார், பிறந்த குழந்தையின் தொடையை உட்புறம் சேர்க்கும்போது மூட்டு நழுவுவதையும், வெளிப்புறம் விரிக்கும்போது மீண்டும் அமர்வதையும் கையால் உணர்ந்து எழுதிவைத்தார். நோயைத் தொட்டிலிலேயே அறியும் வழி அன்றே கிடைத்துவிட்டது. கிடைத்தும் எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அக்காலத்தில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் பிறந்தன. எலும்பு மருத்துவர் பார்ப்பதோ நடக்கத் தெரிந்த பிள்ளைகளை. பிறந்த குழந்தையும் எலும்பு மருத்துவரும் சந்திக்கும் இடமே இல்லாதிருந்தது.

ஆகவே அந்நாளைய முயற்சியெல்லாம் வளர்ந்த பிள்ளைகளைத் திருத்துவதிலேயே சென்றது. அதில் புகழ்பெற்றவர் வியன்னா நகரத்து அடால்ஃப் லோரென்ஸ். அறுவைச் சிகிச்சையில் கிருமிகளை ஒழிக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலம் அவர் தோலுக்கு ஒவ்வாமற் போகவே, அவர் கத்தியைக் கைவிட்டார். வெறுங்கையால் மூட்டை இழுத்து அமர்த்தி, இரு கால்களையும் தவளையின் கால்களைப் போல விரித்து மாவுக்கட்டுப் போடும் முறையை வளர்த்தார். 1902-இல் சிகாகோவின் பெருஞ்செல்வர் ஒருவரின் சிறு மகளுக்கு மருத்துவம் செய்ய அவர் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டார். 'இரத்தம் சிந்தா மருத்துவர்' என்று பத்திரிகைகள் அவரைப் போற்றின. அவர் சென்ற நகரங்களிலெல்லாம் ஊனமுற்ற குழந்தைகளைச் சுமந்த பெற்றோர் கூட்டங்கூட்டமாக வந்து நின்றனர்.

ஆனால் வலிந்து அமர்த்திய மூட்டுகள் பலவற்றில், எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு, அத்தலை நைந்துபோயிற்று. சிறு வயதில் நேராக நடந்தவர்கள் நடுவயதில் மூட்டுவலியால் முடங்கினர். 'சீக்கிரம் அறிய வேண்டும்' என்னும் பாடத்தை மருத்துவ உலகம் இவ்வாறு தோல்வியிலிருந்தே கற்றது.

1895-இல் ராண்ட்கென் எக்ஸ்-கதிர்களைக் கண்டார். இனி எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் எண்ணினர். ஆனால் பிறந்த குழந்தையின் தொடை எலும்புத் தலை குருத்தெலும்பாக இருப்பதால், அது எக்ஸ்-கதிர்ப் படத்தில் விழுவதில்லை. நான்கு அல்லது ஆறு மாதங்களுக்குப் பின்னரே அதில் எலும்புப் புள்ளி தோன்றும். எந்த மாதங்களில் அறிவது மிகவும் பயன் தருமோ, அந்த மாதங்களில் கருவி கைவிட்டுவிட்டது. இத்தாலியின் பொலோனா நகரில் விட்டோரியோ புட்டி என்னும் பேராசிரியர், முதல் ஆண்டிலேயே கண்டறிந்து கால்களை விரித்துவைத்துக் காக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓயாது வற்புறுத்தினார். எனினும் பிறந்த குழந்தையிடம் கண்டறிவதற்குக் கையின் துணையே வேண்டியிருந்தது.

அந்தக் கை பிரான்சு நாட்டில் ஒருமுறை நீண்டது. இந்நோய் மிகுதியாகக் காணப்பட்ட பிரிட்டனிப் பகுதியில், ரென் நகரத்து மருத்துவர் பியேர் லெ டமனி, பிறந்த குழந்தைகளைத் தொட்டுச் சோதித்து, மூட்டு நழுவி அமரும்போது கையில் உண்டாகும் துள்ளலை விவரித்தார். 1912-இல் பெரிய நூலும் வெளியிட்டார். அதுவும் பரவலாக வழக்கில் வரவில்லை.

பிறகு, 1936-ஆம் ஆண்டில், இத்தாலியின் ஃபெர்ராரா நகரில் மரினோ ஓர்டொலானி என்னும் குழந்தை மருத்துவரிடம் ஒரு தாய் தன் ஐந்து மாதக் குழந்தையைக் கொண்டுவந்தாள். குழந்தையின் கால்களை விரித்துக் கழுவும்போதெல்லாம் இடுப்பில் ஏதோ சொடுக்குவது போலத் தோன்றுகிறது என்றாள். இதில் என்ன இருக்கிறது என்று அவர் அவளை அனுப்பிவிடவில்லை. தாமும் அக்கால்களை அவ்வாறே விரித்துப் பார்த்தார். துள்ளலை உணர்ந்தார். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது மூட்டு விலகியிருந்தது. அன்று முதல் பிற குழந்தைகளையும் அவ்வாறே சோதிக்கத் தொடங்கினார். 1937-இல் தாம் கண்டதை வெளியிட்டார். இன்று உலகெங்கும் பிறந்த குழந்தைகளிடம் செய்யப்படும் சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது.

நேயர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். சோதனைக்கு மருத்துவர் பெயர் நிலைத்தது. அத்தாயின் பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை. ஆனால் நோயை முதலில் உணர்ந்த கை அவளுடையது. வித்துராவில் எண்ணெய் தேய்த்த பாட்டியின் கையும் அதையே உணர்ந்தது. ஃபெர்ராராவில் கேட்பதற்கு ஒருவர் இருந்தார், அவ்வளவே வேற்றுமை.

ஓர்டொலானியின் சோதனை சுவீடன் நாட்டுக்குச் சென்றது. மால்மோ நகரில் சோபஸ் ஃபன் ரோசன் என்னும் எலும்பு மருத்துவர், 1952 முதல் அங்குப் பிறந்த குழந்தைகளை முதல் நாட்களிலேயே சோதிக்கும் முறையை நிலைநாட்டினார். மூட்டுத் தளர்ந்த குழந்தைகளுக்கு வளைத்துப் பொருத்தக்கூடிய எளிய சட்டமொன்றை அணிவித்தார். அந்நகரில் காலம் கடந்து நொண்டியாகக் கண்டறியப்படும் பிள்ளைகள் மிக அரிதாயினர். எலும்பு மருத்துவர் குழந்தையைத் தேடித் தொட்டிலுக்கே சென்றதால் வந்த பலன் அது.

இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் டி. ஜி. பார்லோ என்பார் மேலும் ஒரு படி சென்றார். விலகிய மூட்டு அமர்வதைக் காட்டுவது ஓர்டொலானி சோதனை. அமர்ந்திருக்கும் மூட்டு விலகக்கூடியதா என்று மெல்ல அழுத்திப் பார்ப்பது பார்லோ சோதனை. 1962-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒரு வியப்பான செய்தியைத் தந்தது. பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 60-க்கு ஒன்றுக்கு மூட்டுத் தளர்ச்சி இருந்தது. ஆனால் அவற்றுள் 100-க்கு 60 ஒரு வாரத்திலும், 100-க்கு 88 இரண்டு மாதங்களிலும் தாமாகவே உறுதிப்பட்டன. ஆகவே ஒருமுறை தளர்ச்சி கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. ஒருமுறை பார்த்துவிட்டோம் என்று அமைதி கொள்ளவும் கூடாது. மீண்டும் மீண்டும் பார்ப்பதுதான் முறை.

மருத்துவத்திலும் இதே காலத்தில் ஒரு மனமாற்றம் நிகழ்ந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் அர்னோல்டு பாவ்லிக் என்னும் மருத்துவர், குழந்தையின் காலை இறுகக் கட்டிப் போடுவதே எலும்புத் தலையை நைக்கிறது என்று கண்டார். 1940-களில் அவர் தோள்வார்களும் கால்வார்களும் கொண்ட ஓர் எளிய அமைப்பை உருவாக்கினார். அது குழந்தையின் முழங்கால்களை மடக்கி, தொடைகளை விரிந்த நிலையில் தாங்குகிறது. ஆனால் உதைத்து விளையாடத் தடை செய்வதில்லை. அந்த அசைவே மூட்டை மெல்ல அமர்த்துகிறது. முதலில் அவர் சொல்லைப் பலர் ஏற்கவில்லை. 1950-களின் பிற்பகுதியில்தான் அது பிற நாடுகளில் பரவியது. இன்றும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதல் மருத்துவம் பாவ்லிக்கின் வார்களே.

எக்ஸ்-கதிர்கள் காட்டாத குருத்தெலும்பைக் காட்டும் கருவி 1980-இல் வந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டோல்ஸால்பே மருத்துவமனையைச் சேர்ந்த ரைன்ஹார்டு கிராஃப், கருப்பையைப் பார்க்கும் அதே ஸ்கேன் ஒலியலைகளால் சிசுவின் இடுப்பு மூட்டையும் பார்த்து அளக்கலாம் என்று காட்டினார். ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனையைச் செய்கின்றன. வேறு பல நாடுகள் ஐயத்துக்கிடமான குழந்தைகளுக்கு மட்டும் செய்கின்றன.

பெயரும் மாறியது. முன்பு 'பிறவி இடுப்பு மூட்டு விலகல்' என்றார்கள். பிறக்கும்போது சரியாக இருந்த மூட்டும் பின்னர்ப் பிறழக்கூடும் என்று தெரிந்ததால், பெல்கிரேடு நகரத்து மருத்துவர் கிளிசிச் 1989-இல் 'வளர்ச்சிநிலை' என்னும் அடைமொழியை முன்மொழிந்தார். பெயரிலேயே ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது: பிறந்த நாளில் சோதித்துச் சரி என்று எழுதிய சீட்டு, ஓராண்டுக்குச் செல்லும் உறுதிமொழி ஆகாது.

வளர்ச்சியில் வீட்டு வழக்கங்களுக்கும் பங்குண்டு. ஜப்பான் நாட்டில் ஒரு காலத்தில் குழந்தையின் கால்களை நீட்டி வைத்துத் துணியால் சுற்றுவது வழக்கம். அங்கே 100 குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் இக்குறை இருந்தது. 1975 முதல், கால்களை மடங்கிய நிலையில் தாராளமாக விடுங்கள் என்று தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் நாடெங்கும் அறிவுறுத்தினர். சில ஆண்டுகளில் அக்குறை 1,000-க்கு இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. துணியைத் தளர்த்தியதால் விளைந்த பயன் இது. மாறாக, குழந்தையை இடுப்பிலோ முதுகிலோ கால்கள் விரியச் சுமக்கும் மக்களிடையே இக்குறை குறைவாகக் காணப்படுவதை ஆராய்ச்சியாளர் பலர் குறித்திருக்கிறார்கள். நம் தாய்மார் குழந்தையை இடுப்பில் இருத்திக்கொண்டு வேலை பார்க்கும் கோலம், பாவ்லிக்கின் வார்கள் தரும் கோலத்துக்கு மிகவும் நெருங்கியது. இதனால் நமக்கு இந்நோயே வராது என்று இறுமாந்திருப்பது தவறு. தலைநின்று கழுத்து உறுதிப்பட்ட பிறகே குழந்தை இடுப்பேறுகிறது. அதற்கு முந்திய மாதங்களே அபாயமானவை.

நம் நாட்டு நிலை என்ன? 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், குழந்தைகளிடம் தேடிக் காண வேண்டிய 30 குறைகளைப் பட்டியலிட்டது. பிறவிக் குறைகளின் வரிசையில் இடுப்பு மூட்டுப் பிறழ்வுக்கும் இடம் தந்திருக்கிறது. பிரசவம் நடக்கும் இடத்தில் ஒருமுறை, முதல் ஆறு வாரங்களில் ஆஷா பணியாளர் வீடு வரும்போது, பின்னர் அங்கன்வாடிக்கு நடமாடும் மருத்துவக் குழு வரும்போது என்று குழந்தையைப் பார்க்கும் வாய்ப்புகளை அத்திட்டம் அடுக்கிவைத்திருக்கிறது. ஐயம் எழுந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கேரளத்தில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. 'சலபம்' என்னும் பெயரில் பிறந்த குழந்தைகளை முழுமையாகச் சோதிக்கும் மாநிலத் திட்டமும் உண்டு. வித்துராவிலிருந்து கீழே இறங்கினால் திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை இருக்கிறது. இளம்பருவத்திலேயே மறைந்த அரச குடும்பத்துச் சிறுவர் ஒருவரின் நினைவாக, 1952 முதல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் பணிபுரிந்து வரும் நிறுவனம் அது. திட்டமும் இருக்கிறது, மருத்துவமனையும் இருக்கிறது. பின் நம் சிறுமி எப்படித் தவறினாள்?

இங்கேதான், வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய உங்களிடம் நான் சிறப்பாகச் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. இக்குறை பெண் குழந்தைகளுக்கு மிகுதி. தலைச்சன் குழந்தைகளுக்கு மிகுதி. புட்டம் முன்வரப் பிறப்போருக்கு மிகுதி. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இக்குறை இருந்திருந்தால் அப்போதும் மிகுதி. இனி நம் வழக்கத்தைப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையுடன் மும்பைக்கோ, தில்லிக்கோ, பெங்களூருக்கோ திரும்புகிறாள். அன்புடையார் வகுத்த அழகிய வழக்கம் இது. இதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கு அபாயம் மிகுதியோ, அதே தலைச்சன் குழந்தை, எந்த மாதங்களில் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டுமோ அதே மாதங்களில், ஒரு மாநிலத்து மருத்துவரிடமிருந்து மற்றொரு மாநிலத்து மருத்துவரிடம் போகிறது. முதல்வர் கண்டது இரண்டாமவருக்குத் தெரிவதில்லை. புட்டம் முன்வரப் பிறந்தது என்ற செய்தி ஊரிலேயே தங்கிவிடுகிறது. காலின் வேற்றுமையைக் கையால் உணர்ந்த பாட்டியும் ஊரிலேயே தங்கிவிடுகிறார். நம் சிறுமி நழுவியது அந்த இடைவெளியில்தான்.

இந்த இடைவெளியை அடைப்பது கடினமன்று. முதலாவதாக, குழந்தை எம்முறையில் பிறந்தது, முதல் நாட்களில் இடுப்பு மூட்டைச் சோதித்தார்களா என்பவற்றைத் தாய்-சேய் நல அட்டையில் எழுதித் தருமாறு கேளுங்கள். பயணப் பெட்டியில் அந்த அட்டை துணிமணிகளுக்கு மேலே இருக்கட்டும்.

இரண்டாவதாக, தடுப்பூசிக்காக 6, 10, 14-ஆவது வாரங்களில் குழந்தையை எடுத்துச் செல்கிறீர்கள். ஒவ்வொரு முறையும், "இடுப்பு மூட்டைச் சற்றுப் பாருங்கள்" என்று கேளுங்கள். அதற்கு இரண்டொரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. மொழி தடையாயின், துணை மாற்றும்போது நீங்கள் காண்பதைச் செய்து காட்டுங்கள். புட்டம் முன்வரப் பிறந்த குழந்தைக்கும், குடும்பத்தில் இக்குறை உள்ள குழந்தைக்கும், சோதனையில் ஒன்றும் தென்படாவிடினும், சுமார் ஆறாம் வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதாக, வீட்டில் கவனிக்க வேண்டியவை. துணி மாற்றும்போது ஒரு கால் மற்றதைப் போல விரியாமல் இருக்கிறதா? மல்லாக்க வைத்து முழங்கால்களை மடக்கினால் ஒன்று தாழ்ந்து தெரிகிறதா? தொடை மடிப்புகள் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா? நடக்கும் பருவத்தில் உடல் ஒருபுறம் சாய்கிறதா? இவற்றுள் ஏதேனும் காணின் மருத்துவரிடம் காட்டுங்கள். மடிப்பு வேறுபாடோ, மெல்லிய சொடுக்கோ மட்டும் இருப்பது பல குழந்தைகளுக்கு இயல்பே. அதற்காகக் கலங்க வேண்டா. ஆனால் மூட்டை அழுத்தியும் விலக்கியும் சோதிக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். அது பயின்றவர் கைக்கு உரியது.

நான்காவதாக, வடமாநிலங்களின் குளிருக்காகக் குழந்தையைக் கம்பளியில் சுற்றுங்கள்; ஆனால் மேற்பகுதி இறுகினாலும் கால்கள் மடங்கி விரிய இடம் விடுங்கள். எண்ணெய்க் குளியலின்போது கால்களை நீவலாம். நேராக்கவேண்டும் என்று முரட்டுத்தனமாக இழுத்து நீட்டுதல் கூடாது. குழந்தையின் கால் மடங்கியிருப்பது குறையன்று. அதுவே அதன் இயல்பு.

மருத்துவர்களுக்கும் செவிலியர்க்கும் ஒரு சொல். கையால் செய்யும் சோதனை எல்லாக் குழந்தைகளையும் பிடித்துவிடுவதில்லை. நெடுங்காலமாக நாடு முழுதும் சோதனை நடத்தி வரும் இங்கிலாந்திலும் சில குழந்தைகள் காலம் கடந்தே கண்டறியப்படுகின்றன. ஆதலின், குழந்தையை நாள்தோறும் குளிப்பாட்டும் ஒருவர் "இந்தக் கால் விரியவில்லை" என்று சொன்னால், அதையும் ஒரு சோதனையின் முடிவாகக் கொள்ள வேண்டும். ரோசர் எழுதினார், உலகம் கேட்கவில்லை. லெ டமனி எழுதினார், உலகம் கேட்கவில்லை. ஓர்டொலானி ஒரு தாயைக் கேட்டார், உலகம் மாறிற்று.

வித்துராவில் கண்ட சிறுமியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டில் பல வாரங்கள் கிடந்தாள். தாய் வேலையை விட்டு அவள் அருகிலேயே இருந்தாள். ஒரு குடும்பத்தின் ஊதியம் பாதியாயிற்று. இன்று அவள் பள்ளிக்குச் செல்கிறாள், நன்றாகவே நடக்கிறாள். வேகமாக ஓடும்போது மட்டும் பழைய சாய்வு சிறிது தலைகாட்டுகிறது.

அண்மையில் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். லயத்து வாசலில் கால் நீட்டி அமர்ந்து, அவனை மடியில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்த பாட்டியார் என்னைக் கண்டதும், அவன் இரு முழங்கால்களையும் மெல்ல மடக்கி விரித்துக் காட்டினார். இரண்டும் ஒன்று போல விரிந்தன. "ஆறாம் வாரத்துக்கு ஸ்கேன் எழுதி வாங்கியாச்சு, ஐயா. இந்தத் தடவை கேட்காம விடலே" என்றார்.